தகரப் பறவை சாவி முழுசா ஏறி நின்னுடுச்சு, இது 'ஓவர் வைண்டு' தானா?

தகரச்சிறகு எழுதியது:

வணக்கம் மக்களே. ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும்தான் இருந்தேன், இப்ப நானே ஒரு கேள்வியோட வர்றேன். எங்க பெரியப்பா வாழ்க்கை பூரா சாவி கொடுக்குற தகர பொம்மையா சேர்த்தவரு, அதுல மூணு இப்ப என் கைக்கு வந்திருக்கு. மூணுமே உயிரினங்கள்தான். ஒண்ணு தரையைக் கொத்துற சின்ன பறவை, நீலமும் மஞ்சளுமா இருக்கு, வயித்துக்கு அடியில 'யு.எஸ். ஸோன் ஜெர்மனி'ன்னு அடிச்சிருக்கு, பக்கத்துல ஜி.கே.என்.னு மூணு எழுத்து. ரெண்டாவது பச்சைத் தவளை, 'எம்.எஸ்.'னு ஒரு நம்பரும் 'மேட் இன் சைனா'ன்னும் இருக்கு. மூணாவது மேளம் அடிக்கிற குரங்கு, முகம் தகரம், மேல போட்டிருக்கற சட்டை ஃபெல்ட் துணி, ஷூகோன்னு பேர் இருக்கு, ஆனா சாவி காணோம்.

பிரச்சனை பறவையிலதான். சாவி ஒரு மில்லிமீட்டர் கூட மேல திரும்பல, முழுசா ஏறி இறுகி நிக்குது, ஆனா பொம்மை அசையவே இல்ல. வீட்டுல எல்லாரும் யாரோ அதிகமா சாவி கொடுத்து ஸ்பிரிங்கைக் கெடுத்துட்டாங்கங்கறாங்க. இது உண்மையா? இன்னும் கொஞ்சம் பலமா திருப்பிப் பாக்கலாமா, இல்ல அடியில ரெண்டு பாதியையும் சேத்துப் பிடிக்கற சின்ன தகர நாக்கை நிமித்தித் திறந்து பாக்கணுமா? அலகுல பெயிண்ட் போன எடத்துல லேசா துரு வேற இருக்கு, அதையும் என்ன பண்றதுன்னு சொல்லுங்க. பெரியப்பா இதுங்கள தொடவே விடமாட்டாரு, அதனால அவசரப்பட்டு எதையும் செய்யக்கூடாதுன்னு இருக்கேன்.


பல்சக்கரம் எழுதியது:

முதல்ல அந்த சாவியை விட்டுடுங்க. இன்னொரு தடவை திருப்ப வேணாம், நாக்கையும் நிமித்த வேணாம். அவசரப்படாம இருக்கீங்க பாருங்க, அதுலயே பாதி வேலை முடிஞ்சது.

சாவி அதிகமா கொடுத்ததால மட்டும் பொம்மை நிக்கும்ங்கறது கடிகாரக்காரங்க காலத்துலேர்ந்து வர்ற பேச்சு, அதுல உண்மை இல்ல. ஸ்பிரிங் முழுசா சுத்தி இறுகினா அதுக்கு ஓடுற வேகம் கூடத்தான் செய்யும். முழுசா ஏறியும் ஓடலைன்னா ஸ்பிரிங் நல்லா இருக்கு, பலத்தோட காத்துக்கிட்டு இருக்கு, அதைத் தாண்டி எங்கயோ ஒண்ணு பிடிச்சு வச்சிருக்குன்னு அர்த்தம். ஸ்பிரிங் அறுந்திருந்தா சாவி இறுகவே இறுகாது, கையில சும்மா சுத்திக்கிட்டே இருக்கும். அந்த வகையில உங்களுக்கு நல்ல செய்திதான்.

எது பிடிச்சு வச்சிருக்கும்னு புரியணும்னா உள்ள இருக்கறதைக் கொஞ்சம் பாக்கணும். சாவித்தண்டுல சுருள் ஸ்பிரிங்கோட ஒரு முனை மாட்டியிருக்கும், இன்னொரு முனை சட்டத்துல இருக்கற தூண்ல. ஸ்பிரிங் பிரியறப்ப பெரிய சக்கரம் மெதுவா சுத்தும், அது அடுத்த சின்ன பல்லைத் தள்ளும், அது இன்னொண்ணை, இப்படி ஒவ்வொரு கட்டத்துலயும் வேகம் கூடிக்கிட்டே போகும், கூடவே பலம் குறைஞ்சுக்கிட்டே வரும். கடைசியில இருக்கற குட்டிச் சக்கரத்துக்கு எதிரே அநேகமா ஒரு தகரத் துண்டு இப்படியும் அப்படியும் ஆடும், நமக்குக் கேக்கற அந்த கிர்ர்ர் சத்தம் அதுலேர்ந்துதான், மொத்த ஸ்பிரிங்கும் ரெண்டு செகண்டுல ஓடித் தீந்துடாம பாத்துக்கறது அதோட வேலை. இப்ப முக்கியமான விஷயம், சாவிகிட்ட உங்க விரலையே நசுக்குற பலம் இருக்கும், ஆனா அந்தக் கடைசிச் சக்கரத்துல இருக்கறது ஒரு தலைமுடி சுத்தினாலே நின்னுபோற அளவுக்கான பலம்தான். பழைய எண்ணெய் காய்ஞ்சு கோந்து மாதிரி ஆகிப் பிடிச்சுக்கறதும் அங்கதான். அப்படி இருக்கறப்ப நாம சாவிப் பக்கம் இன்னும் பலம் கொடுத்தோம்னா நடுவுல இருக்கற எல்லாப் பல்லும் அந்த அழுத்தத்தைத் தாங்கணும், மெல்லிசுத் தகரப் பல் வளைஞ்சுடும், அதுக்கப்புறம் சரி பண்றது ரொம்பக் கஷ்டம்.

செய்ய வேண்டியது இதுதான். நல்ல வெளிச்சத்துல பறவையைத் தலைகீழா பிடிச்சு கால் தண்டு, இடுக்கு எல்லாம் பாருங்க, கார்ப்பெட் நூல், முடி ஏதாவது சுத்தியிருந்தா சின்ன இடுக்கியால எடுத்துடுங்க. கால் வளைஞ்சு உடம்புல உரசுதான்னும் பாருங்க, பாதி கேஸ் இங்கயே முடிஞ்சிடும். முடியலைன்னா லைட்டர்ல ஊத்துற நாஃப்தா இருக்குல்ல, அதுல ஒரு சொட்டு, ஊசி நுனியில எடுத்து, கால் வெளிய வர்ற இடுக்கு வழியா சக்கரத்து மேல விடுங்க. வெளிய அச்சடிச்சிருக்கற படத்து மேல படவே கூடாது. ஜன்னல் திறந்து வச்சுக்கங்க, பக்கத்துல நெருப்பு எதுவும் இருக்கக்கூடாது. கொஞ்ச நேரம் ஊற விட்டு மெல்லிசு மரக் குச்சியால கடைசிச் சக்கரத்தை, எட்டுற அளவுக்கு, லேசா தொட்டு விடுங்க. விட்டுக்கொடுத்தா திடீர்னு ஓட ஆரம்பிக்கும், கால் தடங்கலில்லாம ஆடுற மாதிரி உடம்பை மட்டும் பிடிங்க, இடுக்குகிட்ட விரல் வைக்காதீங்க. முழுசா ஓடித் தீரட்டும், நடுவுல நிறுத்த வேணாம்.

ஓட ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தான் எண்ணெய், அதுவும் கடிகார எண்ணெயோ மெல்லிசு தையல் மெஷின் எண்ணெயோ, சக்கரத்தோட அச்சுத்தண்டு போய் உக்கார்ற ஓட்டையில மட்டும் ஊசி நுனி அளவு. பல்லு மேல வேணாம், தூசியைப் பிடிச்சு வச்சுக்கும். சமையல் எண்ணெய் எதுவும் ஆகாது, அது கொஞ்ச வருஷத்துலயே மறுபடி பிசினாயிடும். ஸ்ப்ரே டப்பாவும் வேணாம், அது எங்க வேணும்னாலும் பரவி படத்துக்கு அடியில போய் நிக்கும்.

நாக்கைத் திறக்கறது கடைசிக்கும் கடைசி. ஸ்பிரிங் ஏறியிருக்கறப்ப திறந்தீங்கன்னா சட்டம் விரியற நொடியில விரலைக் கிழிச்சிடும். ஸ்பிரிங் இறங்கின பொம்மைன்னாலும் அந்தத் தகர நாக்கு ஒரு தடவை நிமித்தி ஒரு தடவை மடக்கறதைத்தான் தாங்கும், அதுக்கு மேல முறிஞ்சிடும், முறிஞ்ச எடத்துல ஈயம் வச்சுப் பத்த வச்சா சூட்டுல படம் கருகிடும். ஏற்கனவே யாராவது ஒரு தடவை திறந்திருந்தா அதுவும் நமக்குத் தெரியாது.


பழையமுத்திரை எழுதியது:

பல்சக்கரம் அண்ணா சொன்னதுக்கு மேல ரிப்பேர் பத்தி எனக்கு சொல்ல எதுவும் இல்ல. நான் வயசைப் பத்தி சொல்றேன், அது தெரிஞ்சாதான் எதை எவ்வளவு தொடலாம்னு ஒரு பயம் வரும்.

பறவை அருமையான பீஸ். ஜி.கே.என். அப்படின்னா கெயார்க் கோஹ்லர், ந்யூரம்பெர்க். அந்த ஊர் தகர பொம்மைக்கே தலைநகரம் மாதிரி இருந்தது, பிங், குந்தர்மான், ஷூகோன்னு பொம்மைக் கம்பெனி எல்லாமே அங்கதான். 'யு.எஸ். ஸோன்' முத்திரை 1945ல போர் முடிஞ்சு அமெரிக்கப் படை அந்தப் பகுதியைக் கையில வச்சிருந்த காலத்துது, 1949ல மேற்கு ஜெர்மனி உருவானதும் மெல்ல மெல்ல போயிடுச்சு. அதுக்கப்புறம் வந்ததுல 'வெஸ்டர்ன் ஜெர்மனி', 'வெஸ்ட் ஜெர்மனி'ன்னு இருக்கும், அது 1990 வரைக்கும். இதே பறவையை பின்னாடியும் போட்டிருக்காங்க, அதனால பறவையைப் பாத்து வயசு சொல்ல முடியாது, முத்திரையைப் பாத்துதான் சொல்லணும். போருக்கு முந்தின ஜெர்மன் பொம்மையில டி.ஆர்.ஜி.எம்.னு நாலு எழுத்து நிறைய பாப்பீங்க, அது 1891லேர்ந்து இருந்த பதிவு உரிமை. போருக்கு அப்புறம் மேற்கு ஜெர்மனியில அது டி.பி.ஜி.எம். ஆயிடுச்சு. நடுவுல ஒரு எழுத்து மாறினதுல ரெண்டு காலத்தைப் பிரிச்சுடலாம்.

ஜப்பான் பொம்மை கையில கிடைச்சா 'மேட் இன் ஆக்குபைட் ஜப்பான்' இருக்கான்னு பாருங்க, 1947லேர்ந்து 1952 வரைக்கும் வந்ததுல பலதுல அது இருக்கும். போர் முடிஞ்ச கையோட அங்க புதுத் தகரம் கிடைக்காம படைக்காரங்க தூக்கிப் போட்ட சாப்பாட்டு டின்னைப் பிரிச்சு தட்டி நேராக்கி பொம்மை செஞ்சிருக்காங்க, அந்த மாதிரி ஒண்ணுல உள்பக்கம் டார்ச் அடிச்சுப் பாத்தா பழைய டின்னோட எழுத்து தலைகீழா தெரியறதுண்டு. எனக்கு இந்தப் பொழுதுபோக்குல ரொம்பப் பிடிச்ச விஷயமே இதுதான். வெளிய சிரிக்கிற பூனை, உள்ள யாரோ சாப்பிட்ட டின்.

தவளை விஷயத்துல ஆசை காட்ட விரும்பல. இந்த மாதிரி எம்.எஸ். தவளை பல பத்து வருஷமா அதே நம்பர்ல அதே உருவத்துல வந்துக்கிட்டே இருக்கற பொம்மை, நம்பர் இருக்கறதால பழசுன்னு சொல்ல முடியாது. பெட்டி இருந்தா பாருங்க, பார்கோடோ சி.இ.ங்கற ஐரோப்பியப் பாதுகாப்பு அடையாளமோ மூணு வயசுக்குக் கீழ கூடாதுங்கற குறியோ இருந்தா பின்னாடி வந்தது. சேர்க்கறதுக்கு ரொம்ப நல்ல பொம்மைதான், தயங்காம ஓட விட்டு ரசிக்கலாம்.

ஷூகோ 1912ல ந்யூரம்பெர்க்ல ஆரம்பிச்ச கம்பெனி, பழைய கம்பெனி 1976ல மூடிட்டாங்க, பேர் மட்டும் அப்புறமும் கைமாறி வாழுது. துணி போட்ட குரங்கு, பன்னி எல்லாம் அவங்களோட அடையாளம். சாவிக்காக அவசரப்பட்டு கையில கிடைச்சதை மாட்டாதீங்க.


தகரச்சிறகு எழுதியது:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. கால்ல நிஜமாவே ஒரு சிவப்பு நூல் சுத்தியிருக்கு, இப்பதான் லென்ஸ் வச்சுப் பாத்தேன்! எடுத்துட்டேன், ஆனா இன்னும் ஓடல, நாஃப்தா வாங்கிட்டு வந்து செய்யறேன்.

அதுக்குள்ள அந்தத் துருவைப் பத்தி யாராவது சொல்லுங்களேன். தெரிஞ்சவரு ஒருத்தர் மாடல் ரயிலுக்குப் பெயிண்ட் அடிக்கிறவரு, அலகை மட்டும் அதே மஞ்சள்ல தொட்டுக் கொடுத்துடறேன், வித்தியாசமே தெரியாதுங்கறாரு. கொடுக்கலாமா?


லித்தோநேசன் எழுதியது:

கொடுக்காதீங்க. தயவுசெஞ்சு கொடுக்காதீங்க.

அந்தப் பறவை மேல இருக்கறது பெயிண்டே இல்ல, அச்சு. தட்டையான தகரத் தாள்ல முதல்ல படத்தை அச்சடிச்சு, காய வச்சு, அப்புறம்தான் அச்சுக்கட்டையில வச்சு அழுத்தி பறவை உருவம் ஆக்குவாங்க. அழுத்தறப்ப தகரம் இழுபடும், அதோட படமும் இழுபடும், அதனால கண்ணும் சிறகும் உருண்டையான உடம்புல சரியா வந்து விழணும்னா தட்டைத் தாள்ல அதைக் கோணலா வரைஞ்சிருக்கணும். கம்ப்யூட்டர் இல்லாத காலத்துல ஒருத்தர் உக்காந்து மனசுல கணக்குப் போட்டு வரைஞ்சது அது. கண்ணைச் சுத்தி இருக்கற அந்த மெல்லிசு கறுப்புக் கோட்டை லென்ஸ்ல பாருங்க, அழுத்தின எடத்துல கோடு கொஞ்சம் தடிச்சு மறுபடி மெலிஞ்சு போகும். அதுக்குப் பக்கத்துல பிரஷ்ல வச்ச மஞ்சள் என்னிக்கும் அன்னியமாத்தான் நிக்கும், இன்னிக்கு நிறம் ஒத்துப்போனாலும் ரெண்டும் ஒரே மாதிரி வெளுக்காது.

தெரியாதுங்கறதும் சரியில்ல. அச்சடிச்ச படம் தகர ஓரத்துல வெட்டுப்பட்ட எடத்தோட நின்னுடும், நாக்கு மடிஞ்ச எடத்துல மடிப்போட சேந்து போகும். பின்னாடி அடிச்ச பெயிண்ட் அந்த மடிப்பு, இடுக்கு எல்லாத்தையும் மூடிக்கிட்டு தேங்கி நிக்கும், அதை வச்சே கண்டுபிடிச்சுடுவாங்க. புற ஊதா விளக்கு காட்டினா புது பெயிண்ட் பல நேரம் தனியா தெரியும். சேர்க்கறவங்க கண்ணுக்கு அலகு தேஞ்ச பறவை ஒரு குழந்தை விளையாடின பறவை, அலகுல பெயிண்ட் வச்சது கைவச்ச பறவை.

துருவுக்கு வர்றேன். தகரம்ங்கறது உண்மையில இரும்புத் தகடுதான், மேல வெள்ளீயம் ரொம்ப மெல்லிசா பூசியிருக்கும். பொம்மைக்கு வெட்டற ஓரத்துல எல்லாம் இரும்பு வெறுமனே நிக்குது, அதனாலதான் துரு எப்பவும் ஓரத்துலயும் நாக்குலயும் சாவி ஓட்டையைச் சுத்தியும் ஆரம்பிக்கும். உங்க பறவையோட அலகு தரையைக் கொத்திக் கொத்தி மேல் பூச்சு போன எடம், அங்க துரு வர்றது இயல்பு. உதிர்ற துருவை மட்டும் மரக் குச்சி நுனியால எடுங்க, காட்டன் துணியால ஒத்தி எடுத்துட்டு, மைக்ரோ கிரிஸ்டலைன் மெழுகு, மியூசியத்துல பயன்படுத்தறது, அதை அரிசி முனை அளவு எடுத்து தேச்சு விடுங்க. காத்து ஈரம் படாம இருந்தா அதுக்கு மேல போகாது. துரு நீக்குற கெமிக்கல் வேணாம், அது துருவோட நிக்காம பக்கத்துல இருக்கற அச்சுக்கு அடியிலயும் போயிடும். மெட்டல் பாலிஷ் அதை விட மோசம், அதுல இருக்கற பொடி படத்தைச் சுரண்டி எடுத்துடும். செல்லோடேப் ஒட்டவே ஒட்டாதீங்க, பிரிக்கறப்ப படம் அதோட வந்துடும்.

அழுக்கு இருந்தா முதல்ல மெத்துனு ஒரு பிரஷ்ஷால தட்டுங்க. அதுக்கு மேல வேணும்னா லேசா நனைச்சுப் பிழிஞ்ச காட்டன் பட்ஸ், ஒவ்வொரு நிறத்துலயும் கண்ணுல படாத எடத்துல தொட்டு நிறம் ஏறுதான்னு பாத்துட்டு. உடனே துடைச்சுக் காய வச்சிடுங்க.

இன்னொண்ணு, வீட்டுல சின்னக் குழந்தை இருந்தா எட்டாத எடத்துல வைங்க. அந்தக் காலத்து வண்ணத்துலயும் பத்தவச்ச எடத்துலயும் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு, ஓரமும் கத்தி மாதிரி வெட்டும்.


மேளக்குரங்கு எழுதியது:

என் பேரைப் பாத்தே தெரிஞ்சிருக்கும், குரங்குக்காகத்தான் வந்தேன். அந்த ஃபெல்ட்டைத் துவைக்கணும்னு தோணும், துவைக்கக் கூடாது. துணிக்கு அடியிலயே தகர உடம்பு இருக்கு, ஈரம் உள்ள போனா வெளிய தெரியாமலே துருப்பிடிக்கும், கடைசியில துணி மேல பழுப்பா கறை வர்றப்பதான் நமக்குத் தெரியும். காய்ஞ்ச பிரஷ்ஷால மடிப்புக்குள்ள எல்லாம் நல்லா பாருங்க, துணியை அரிக்கற அந்துப்பூச்சியோட முட்டை, மணல் மாதிரி துகள், ஓட்டை ஏதாவது இருந்தா மத்த பொம்மைங்க கிட்டேர்ந்து உடனே தள்ளி வைங்க. எண்ணெய், நாஃப்தா ரெண்டுமே துணியில வட்டமா ஊறிடும், அதனால பறவைக்குச் செஞ்ச வைத்தியத்தை இதுக்கு அப்படியே செய்யாதீங்க. ஜப்பான் பொம்மை வாங்கற எண்ணம் இருந்தா அதுலயும் ஒரு எச்சரிக்கை, போருக்கு முந்தினது பலதுல தலையோ உடம்போ செல்லுலாயிடு, அதாவது பழைய காலத்து பிளாஸ்டிக். சில கரைப்பான் பட்டா உருகும், நெருப்பு பட்டா குப்புனு பிடிக்கும்.

சாவி பத்தி பழையமுத்திரை சொன்னது ரொம்ப சரி. தண்டு சதுரமா இருக்கும், அளவு கொஞ்சம் பெரிய சாவியை மாட்டித் திருப்பினா முனை மழுங்கி வட்டமாயிடும், அப்புறம் சரியான சாவி கிடைச்சாலும் பிடிக்காது. காலிப்பர் வச்சு எதிரெதிர் பக்கத்தை அளந்துக்கங்க, மூலைக்கு மூலை அளக்காதீங்க.

ஒரு விஷயத்துல மட்டும் எனக்கு மாத்துக் கருத்து. பழையமுத்திரை சொன்ன மாதிரி தவளையை ஓட விடலாம், ஆனா யு.எஸ். ஸோன் பறவையை ஒரு தடவை ஓடுதுன்னு பாத்துட்டு அலமாரியில வச்சிடறதுதான் நல்லதுன்னு நினைக்கிறேன். ஒவ்வொரு தடவை கொத்தறப்பவும் அலகுல மிச்சம் இருக்கற அச்சு போகுதுல்ல.


பல்சக்கரம் எழுதியது:

அதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன் தோழா. அலகு தேயறது உண்மை, அதுக்கு கீழ ஒரு கனமான ஃபெல்ட் துணியை விரிச்சுட்டா போச்சு. ஓடாம கெடக்கற மெஷின்தான் மறுபடி பிசின் பிடிச்சு நிக்குது, இந்தப் பறவைக்கு நடந்ததே அதுதானே. வருஷத்துல சில தடவை பாதி சாவி கொடுத்து ஓட விடுங்க, முழு சாவி தேவையில்ல, ஓடி முடிச்சதும் ஸ்பிரிங் இறங்கின நிலையிலயே வைங்க. ஏத்தி வச்சபடி வருஷக்கணக்குல விட்டா ஸ்பிரிங் அந்த இறுக்கத்துக்கே பழகி பலம் போயிடும். அதோட இந்த பொம்மையோட அழகு பாதி அசைவுலதான் இருக்கு, உடம்பு முன்னாடி சாஞ்சு, கொத்தி, ஒரு குதி குதிச்சு, திசை மாறி மறுபடி கொத்தும். செஞ்சவன் அதுக்காகத்தான் கால் தண்டை நடுவுலேர்ந்து கொஞ்சம் தள்ளி வச்சிருக்கான்.


லித்தோநேசன் எழுதியது:

நான் நடுவுல. ஓட விடலாம், ஆனா வீட்டுக்கு வர்ற எல்லார் கையிலயும் சாவியைக் கொடுக்கக் கூடாது. வேர்வைக் கையோட பிடிச்சா விரல் ரேகை அப்படியே துருவா எழும், மெல்லிசு காட்டன் கையுறை போட்டுக்கங்க. அலமாரியில நேரா வெயில் படக்கூடாது, சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்டு அப்பப்ப மாத்துங்க. பிளாஸ்டிக் பையில போட்டு இறுக்கிக் கட்டாதீங்க, உள்ள இருக்கற ஈரம் வெளிய போக வழியில்லாம பொம்மை மேலயே உக்காரும்.


தகரச்சிறகு எழுதியது:

ஓடுது!!! நாஃப்தா ரெண்டு சொட்டு, கொஞ்சம் காத்திருப்பு, பல் குச்சியால ஒரு தொடல், அவ்ளோதான், கையிலயே கிர்ர்ருன்னு ஆரம்பிச்சு ரொம்ப நேரம் ஓடித் தீந்துச்சு. எண்ணெய் ஊசி நுனியில மட்டும் வச்சேன். பெயிண்ட்காரருக்கு வேணாம்னு சொல்லிட்டேன், அலகு அப்படியே இருக்கட்டும். குரங்கோட தண்டை அளந்து வச்சிருக்கேன், சாவி தேடணும்.

இன்னொரு சின்னக் கேள்வி. தவளை ஓடுது, சத்தமும் நல்லா வருது, ஆனா தாவாம ஒரே எடத்துல நின்னு அதிருது. அதுலயும் எண்ணெய் பிரச்சனையா?


பல்சக்கரம் எழுதியது:

ரொம்ப சந்தோஷம்! தவளைக்கு எண்ணெய் பிரச்சனை இருக்காது, சத்தம் சீரா வருதுன்னா உள்ள சக்கரம் எல்லாம் நல்லா சுத்துது. பின்னங்கால் தரையை உதைக்கறதுலதான் தாவலே இருக்கு. வழவழன்னு கண்ணாடி மேஜையில விட்டா கால் வழுக்கி அதிரத்தான் செய்யும், மரப்பலகையிலயோ தடிச்ச அட்டையிலயோ விட்டுப் பாருங்க. அப்பவும் தாவலைன்னா பக்கவாட்டுல கண் மட்டத்துக்கு வச்சு ரெண்டு பின்னங்காலும் ஒரே உயரத்துல தரையைத் தொடுதான்னு பாருங்க. ஒண்ணு மேல தூக்கியிருந்தா அதை கீழ்ப்பக்கமா ரொம்பக் கொஞ்சமா, விரலாலயே, இடுக்கி இல்லாம, தண்டுகிட்ட ஒரு கையால பிடிச்சுக்கிட்டு வளைச்சு விடுங்க. ஸ்பிரிங் இறங்கியிருக்கறப்ப மட்டும் செய்யுங்க. குரங்குச் சாவிக்கு அளவை இங்க போடுங்க, என்கிட்ட இருக்கற சாவிங்கள அளந்து சொல்றேன்.